சாந்தாமணிக்கு நான் காட்டிய கோர்ட்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவி கலாவதி இதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன். சாந்தாமணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நாலு வார்த்தை திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாந்தாமணி கோபிச்செட்டிபாளையத்துப் பெண். பி.எஸ்சி. முடித்த கையோடு இளமாறனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு 1988-ல் நியூ ஜெர்சிக்கு வந்தாள். இளமாறனுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில்தான் அவளை முதலில் பார்த்தோம். கலாவதி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏனுங்க, தேங்காப் பையி எங்கீங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கொங்குப் பேச்சைக் கேட்டுப் பத்து கார் தள்ளி நின்ற ஒரு பெண் ஓடிவந்து, "அக்கா, நீங்க எந்த ஊருங்க?" என்றாள். நான் தாராபுரம் என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் அவளுக்கு அண்ணன்.

ஒல்லியான பெண். பயந்தால் சிரிப்பாள். அது ஒரு கெட்ட பழக்கம், இந்த நாட்டில் அது எப்படிப் போய் முடியும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் ஃப்ரீவே பக்கம் போகமாட்டாள். எங்கே போனாலும் சிக்னல் சிக்னலாக உள் ரோட்டிலேயே போவாள். இருபது நிமிஷத்துப் பயணத்தை ஒரு மணி நேரமாக்குவாள். "அதான் வந்து சேந்துட்டேன்ல, விடுங்ணா" என்பாள்.

1990 பிப்ரவரியில் வெண்பா பிறந்தாள். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே ஊருக்கு அனுப்பினார்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் வேலை, டேகேரில் போட்டால் வாரத்துக்கு ஒரு காய்ச்சல், காதுவலி, ராத்திரி முழுக்க அழுகை. ஊரில் பெண்ணின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நடக்க, பேச ஆரம்பித்ததும் கூட்டிக்கொண்டு வருவது. எங்கள் மகன் கவினையும் ஒரு வருஷம் தாராபுரத்தில்தான் விட்டிருந்தோம். யாரும் அதை ஒரு விஷயமாகக்கூடப் பேசமாட்டோம். வெண்பா பதினைந்து மாதம் கோபியில் இருந்தாள். டிக்கெட் போட்டவன் இளமாறன். ஏர்போர்ட்டில் ஊருக்குப் போகிற ஒருவர் கையில் குழந்தையைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, எங்கள் வீட்டு சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதவள் சாந்தாமணி. அதை நான் பார்த்தேன்.

1994-ல் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. காரணம் அவர்கள் இரண்டு பேரோடு போகட்டும். டைவர்ஸ் கேஸ் கவுண்டி கோர்ட்டில் நடந்தது. எந்தக் கவுண்டி என்று சொல்லப்போவதில்லை. சொத்துத் தகராறு ஒன்றும் இல்லை. வெண்பா யாரிடம் இருப்பது என்பதுதான் கேஸ். இளமாறனுக்குக் கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் வேலை கிடைத்திருந்தது, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டான்.

அவனுடைய வக்கீல் சாந்தாமணியைக் கூண்டில் ஏற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். பதினைந்து மாதத்தில் குழந்தையை எத்தனை தடவை பார்த்தீர்கள்? ஒரு தடவைகூட இல்லை. ஆறு மாதக் குழந்தையை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பியது யார் முடிவு? "நாங்க" என்றாள். பிறகு பயத்தில் சிரித்தாள். சிரித்தது ஜட்ஜ் கண்ணில் பட்டது. சாட்சி சொல்ல நான் வருகிறேன் என்றேன், எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று சொல்கிறேன் என்றேன். அவளுடைய வக்கீல், இதெல்லாம் சின்ன விஷயம், தேவையில்லை என்றுவிட்டார்.

1995 அக்டோபர் பதினேழாம் தேதி தீர்ப்பு. தாய் தன் விருப்பப்படியே கைக்குழந்தையைப் பதினைந்து மாதம் கைவிட்டிருந்தாள், குழந்தையோடு அவளுக்குள்ள பிணைப்பு தகப்பனுடையதைவிடக் குறைவு. அப்படியே எழுதியிருந்தார்கள். அதே பதினைந்து மாதம் தகப்பன் எங்கே இருந்தானாம்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தை அப்பாவுக்கு. பள்ளி வருஷம் முடிந்ததும் பிளசன்டன் போகலாம். அம்மாவுக்குக் கோடை லீவில் ஆறு வாரம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது எழுதும்போதும் கொதிக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வக்கீல் கொடுத்த கடிதம் ஒன்று கையில் இருந்தது. நாற்பத்தைந்து நாளுக்குள் ஸ்டேட் அப்பீல் கோர்ட்டில் அப்பீல் போடலாம், தான் இந்தக் கேஸை இனி எடுப்பதாக இல்லை, வேறு வக்கீல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார்.

இங்கேதான் நான் நுழைகிறேன். எங்கள் அப்பா தாராபுரத்தில் வக்கீல் குமாஸ்தா. நாற்பது வருஷம் கேஸ் கட்டு தூக்கினவர். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஜில்லா கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று படிப்படியாக மேலே போகிற ஏணியை நான் பால் குடிக்கிற வயசிலேயே பார்த்தவன். கோர்ட் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பு. நான் டெலிபோன் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுகிறவன் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"இதே ஸ்டேட்டுக்குள்ள சுத்துனா ஒருத்தன ஒருத்தன் விட்டுக் குடுக்கமாட்டானுக" என்றேன். "நம்மூர்ல ஸ்டேட்டுக்கு மேல சென்ட்ரல் இருக்குதில்ல, அது மாதிரி இங்க ஃபெடரல். நேரா மேல போயிரலாம். அங்க போட்டா இந்த ஜட்ஜ் ஆர்டர் எம்மாத்திரம்?"

"அப்ப இந்த நாப்பத்தஞ்சு நாள்னு போட்டிருக்குதுங்களேண்ணா?"

"அது லோக்கல் அப்பீலுக்கு. ரெண்டு எடத்துல ஒரே சமயத்துல போட்டா கோர்ட்டுக்குக் கோவம் வரும். மேல போடறவன் கீழ எதுக்குப் போடணும்?"

கலாவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, எதுக்கும் ஒரு வக்கீலக் கேட்டுட்டுச் செய்யலாமுல்ல?"

"நீ சும்மா இரு. வக்கீலக் கேட்டுத்தான இந்தக் கதிக்கு வந்து நிக்குது புள்ள!" என்று எரிந்து விழுந்தேன்.

சாந்தாமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அண்ணன் சொன்னாச் சரியாத்தானுங்க்கா இருக்கும்" என்றாள்.

மூன்று வாரம் உட்கார்ந்து மனு எழுதினோம். அதாவது நான் எழுதினேன், அவள் டைப் அடித்தாள். அவளுக்குப் பேங்க் ஒன்றில் செக் எண்களை அடித்து ஏற்றுகிற வேலை, விரல் பறக்கும். அரசியல் சட்டம் கொடுத்த தாயின் உரிமையை ஸ்டேட் கோர்ட் பறித்துவிட்டது என்று பதினோரு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். நவம்பர் எட்டாம் தேதி ஃபெடரல் கோர்ட்டுக்கு அவளை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. டக்கென்று முத்திரை குத்தி, மேலே ஒரு கேஸ் நம்பர் போட்டு, காப்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் நம்மூரில் மனு கொடுத்தால் உடனே நம்பர் ஆகாது. ஆபீசில் பிரித்துப் பார்ப்பார்கள். இந்தக் கோர்ட்டில் இது செல்லுமா, எந்தச் சட்டத்தின் கீழ் என்று குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அப்பா மூன்று தடவை நடந்து, சரிசெய்து கொடுத்த பிறகுதான் நம்பர் ஆகும். நம்பர் ஆகிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி, அன்றைக்கு வீட்டுக்கு ஜாங்கிரி வரும். அதே புத்தி எனக்கு.

"நம்பரே ஆயிருச்சு சாந்தா! செல்லாதுன்னா வாங்கியே இருக்கமாட்டாங்க. இனிமே ஒண்ணும் கவலைப்படாத" என்றேன்.

அவள் அந்தக் காப்பியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த நாட்டில் கவுன்டரில் யார் எதைக் கொடுத்தாலும் முத்திரை குத்துவார்கள், செல்லுமா செல்லாதா என்பதை ஜட்ஜ் பிறகுதான் பார்ப்பார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி இளமாறனின் வக்கீல் அவளுக்கு ஃபோன் செய்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினானாம். பண்டிகைக் காலம், பதில் போட ஜனவரி ஐந்து வரை அவகாசம் தரமுடியுமா என்று கேட்டானாம். அவள் என்னைக் கேட்டாள்.

"வாய்தா கேக்கறானா? பயந்துட்டான்!" என்று சிரித்தேன். "குடு, குடு. நாம பெருந்தன்மையா நடந்துக்கிட்டோம்னு ஜட்ஜுக்குத் தெரியட்டும்."

கொடுத்தாள். டிசம்பர் ஒன்றாம் தேதியோடு ஸ்டேட் அப்பீலுக்கான அந்த நாற்பத்தைந்து நாள் முடிந்தது. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள் சலுகை உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அதுவும் டிசம்பரோடு தீர்ந்தது. அந்த மாதம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். வெண்பாவுக்கு ஒரு கட்டில் வாங்கி, அதைப் பூட்டத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள்.

ஜனவரி முதல் வாரம் ஊரையே மூடிய பனிப்புயல். தபால் நாலு நாள் வரவில்லை. பனியைத் தள்ளி வழி செய்த பிறகு வந்த முதல் கவர் அவனுடைய வக்கீலிடமிருந்துதான். மனுவில் சொன்ன எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. ஸ்டேட் கோர்ட் கொடுத்த தீர்ப்பைத் திருத்த ஃபெடரல் ஜில்லா கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது, ஆகவே தள்ளுபடி செய்யவும் என்று ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை விஷயம் உறைத்தது. அவளிடம், "இவன் ஏதோ டெக்னிக்கலா உளர்றான்" என்றேன்.

மார்ச்சில் விசாரணை. ஜட்ஜ் நல்ல மனுஷர், வயசானவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். வக்கீல் இல்லாத பெண் என்பதால் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகக் கேட்டார்.

"ஸ்டேட் கோர்ட்டில் அப்பீல் செய்தீர்களா அம்மா?"

சாந்தாமணி திரும்பிப் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, "யுவர் ஆனர், நான் சொல்கிறேன்" என்றேன். சீருடைக்காரர் ஒருவர் தோளைத் தொட்டு என்னை உட்கார வைத்தார். வக்கீல் இல்லாதவன் அடுத்தவருக்காக வாய் திறக்கக்கூடாதாம். என் வாழ்க்கையில் யாராவது என் வாயை அடைத்தது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதம் முன்னால் அடைத்திருக்க வேண்டும்.

"இல்லை" என்றாள் அவள். பிறகு சிரித்தாள்.

ஜட்ஜ் சொன்னதை என்னால் மறக்கமுடியாது. "உங்கள் மனுவை முழுக்கப் படித்தேன். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று நான் சொல்லப்போவதில்லை. தவறு என்று நான் நினைத்தாலும் அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. ஸ்டேட் கோர்ட்டின் தவறை ஸ்டேட்டின் மேல்கோர்ட்தான் திருத்தவேண்டும். அந்த ஸ்டேட்டின் கடைசிக் கோர்ட் வரை போய்த் தோற்ற பிறகு வாஷிங்டனில் சுப்ரீம் கோர்ட்டைக் கேட்கலாம். நடுவில் நான் வரமுடியாது. நீங்கள் தப்பான கட்டடத்துக்கு வந்துவிட்டீர்கள். வருந்துகிறேன்."

மாடி என்று நினைத்து அவளை ஏற்றிவிட்டேன். அது பக்கத்து வீடு.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். "இப்ப என்னங்ணா பண்றது?" என்று கேட்டாள். கோபமே இல்லை. கோபப்பட்டு என்னை நாலு அறை விட்டிருந்தால் தேவலை. எனக்கோ இன்னும் புத்தி வரவில்லை. "டிலே கண்டோன் பண்ணச் சொல்லி பெட்டிஷன் போடலாம்" என்றேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு. நம்மூரில் மூன்று வருஷத் தாமதத்தைக்கூட அப்பா மன்னிக்க வைத்திருக்கிறார். 'இந்தத் தாமதம் வேண்டுமென்றோ அசட்டையாலோ நேர்ந்ததல்ல' என்று அவர் எழுதுகிற வரியை அப்படியே இங்கிலீஷில் போட்டு ஸ்டேட் அப்பீல் கோர்ட்டுக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. காலம் கடந்தது, மறுக்கப்படுகிறது. அவ்வளவுதான், ஒரே வரி.

வாஷிங்டன் என்று நான் ஆரம்பித்தபோது கலாவதி குறுக்கே வந்து நின்றாள். "போதுமுங்க. அந்தப் புள்ளைய விட்டுருங்க."

ஜூனில் இளமாறன் வெண்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். அவளுக்கு ஆறு வயசு. நூவார்க் ஏர்போர்ட்டுக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றேன். சாந்தாமணி வேண்டாம் என்றுவிட்டாள். உள் ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள், விமானம் போன பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். இதை அவளாகச் சொல்லவில்லை, ஒரு வாரம் கழித்து இளமாறன் கலாவதியிடம் பேசியபோதுதான் பேச்சு வந்தது. அம்மா வழியனுப்பக்கூட வரவில்லை என்று அவன் குறைப்பட்டுக்கொண்டானாம். கலாவதி போய்க் கேட்ட பிறகுதான் சாந்தாமணி நடந்ததைச் சொன்னாள்.

அப்புறம் நாலு வருஷம் அவள் வாழ்ந்ததைச் சொல்ல அதிகமில்லை. பேங்கில் அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை பிளசன்டனுக்கு ஃபோன். குழந்தைக்குத் தமிழ் புரிந்தது, பதில் இங்கிலீஷில் வந்தது. பிறகு பதில் சின்னதாகிவிட்டது. கோடையில் ஆறு வாரம் வெண்பா வருவாள். முதல் இரண்டு வாரம் விருந்தாளி மாதிரி இருப்பாள், நடுவில் இரண்டு வாரம் மகளாக இருப்பாள், கடைசி இரண்டு வாரம் திரும்பிப்போகிற நாளை எண்ணுவாள். இதைச் சொன்னது சாந்தாமணி. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

1997-ல் கோயில் கேன்டீனில் மீனாக்ஷி என்று ஒரு பெண்ணைப் பார்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்து வக்கீலானவள், குடும்ப கேஸ்தான் எடுக்கிறாள். மனசு கேட்காமல் அடுத்த வாரம் தீர்ப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். புளியோதரையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தாள்.

"அங்கிள், இதை ஏன் யாரும் அப்பீல் பண்ணல?" என்றாள். "ஃபாதரும் அதே டைம் குழந்தைய விட்டுட்டுத்தானே இருந்தார்? அதைப் பத்தி ஜட்ஜ் ஒரு ஃபைண்டிங்கும் எழுதலையே. இது நல்ல அப்பீல். கண்டிப்பா திருப்பி அனுப்பியிருப்பாங்க, மறுபடியும் விசாரிக்கச் சொல்லி."

"இப்ப?"

"இப்ப குழந்தை கலிஃபோர்னியா. அங்க செட்டில் ஆயாச்சு. யாரும் டச் பண்ணமாட்டாங்க."

இதைச் சாந்தாமணியிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம்.

2000-ம் வருஷக் கோடையில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வெண்பாவுக்குப் பத்து வயசு. பல்லில் கம்பி கட்டியிருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் நிமிர்ந்து என்னை இங்கிலீஷில் கேட்டாள்.

"அங்கிள், நீங்க அப்போ இருந்தீங்கல்ல? நான் பேபியா இருக்கறப்போ அம்மா என்னை வேண்டாம்னு விட்டுட்டாங்களா? அப்பாவோட ஃபைல்ல ஒரு பேப்பர் படிச்சேன். ஜட்ஜ் எழுதியிருக்கார்."

சாந்தாமணியின் கை தட்டில் அப்படியே நின்றது. "இல்லடா கண்ணு" என்றேன். "அது பொய். எங்க கவினையும் அப்படித்தான் அனுப்பினோம். உங்கம்மா அன்னைக்கு இந்த சோபாவுல உக்காந்துதான் அழுதாங்க. அந்த ஜட்ஜ் தப்பா எழுதிட்டார்."

அவள் யோசித்தாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, பள்ளியில் கோர்ட், சட்டம் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "தப்புன்னா இன்னொரு ஜட்ஜ் கரெக்ட் பண்ணியிருப்பாரே. ஏன் பண்ணல?"

"பண்ணியிருப்பாங்கம்மா! ஒரு வக்கீலே எங்கிட்ட சொன்னா, கண்டிப்பா மாத்தியிருப்பாங்கன்னு. நான்தான் உங்கம்மாவத் தப்பான கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்று கொட்டிவிட்டேன்.

வெண்பா தோளைக் குலுக்கினாள். "ஸோ, யாருமே தப்புன்னு சொல்லல" என்றாள். மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். சாந்தாமணி எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள், மகளுக்கு ஷூ எடுத்துக் கொடுத்தாள், கலாவதியிடம் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை.

போன ஜூனில் வெண்பா இந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நீச்சல் டீம், சிநேகிதிகள், என்னவோ. பதினோரு வயசுப் பிள்ளையைப் போலீஸ் வைத்தா இழுத்துவர முடியும்? கலாவதி மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் குரல்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். ஜெயிச்சிருக்கும்னு அந்த வக்கீல் பொண்ணு நெசமாவே சொல்லுச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். "என்ன மன்னிச்சிரு சாந்தா."

"அதுக்குக் கேக்கலீங்ணா" என்றாள். சிரிக்கவில்லை. "எங்க போயிருந்தாலும் தோத்திருக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தானுங்ணா இத்தன வருஷம் தூங்கிட்டிருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.